சங்கு ஊதாத காலையும் பிரான்ஸ் அம்மாவின் காகிதங்களும்

1. டைப் அடிக்க ஒன்றுமில்லை

தேயிலை விலை விழுந்த வருடங்களில் எஸ்டேட் ஆபீசில் எனக்கு மிஞ்சியிருந்த வேலை ரிமைண்டர் அடிப்பது மட்டும்தான். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் இருந்தது எங்கள் எஸ்டேட். நான் அங்கே டைப்பிஸ்ட். ஸ்டெனோ என்றும் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் ஷார்ட்ஹேண்டில் எடுக்கிற வேகத்துக்கு டிக்டேஷன் கொடுக்கக்கூடிய மேனேஜர் யாரும் என் காலத்தில் வரவில்லை.

ஏலத்துக்குப் போன டீ விற்காமல் கிடந்தது. குடோனில் சாக்குகள் கூரையைத் தொட்டன. பேக்டரியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டினார்கள். பக்கத்து எஸ்டேட் ஒன்றில் மேனேஜ்மெண்ட் யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருந்தது. எங்கள் கம்பெனிக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளைக்காரன் கட்டிய பெரிய பங்களா பூட்டிக் கிடக்கிறதே, அதை கெஸ்ட் ஹவுஸ் ஆக்கினால் என்ன?

மேனேஜர் பொள்ளாச்சிக்காரர். கெட்டவர் இல்லை. ஒரு காரியத்தை யோசிக்கிறதுக்கு முன்னாலேயே உத்தரவு போட்டுவிடுவார், அவ்வளவுதான். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ராஜாமணிம்மா, உங்களுக்கு இப்ப ஆபீஸ்ல பெருசா வேலை ஒண்ணுமில்லீங்களே?"

ஆட்குறைப்பு என்ற பேச்சு ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்குதுங்க சார். நெறைய இருக்குது," என்றேன்.

"அட, பயப்படாதீங்க. பெரிய பங்களாவுக்கு பிரான்ஸ்ல இருந்து ஒரு லேடி வராங்க. மியூசிக் கம்போசராமா. மழை முடியற வரைக்கும் தங்கறாங்க. நீங்க கூட இருந்து பாத்துக்கோணும்."

"ஏனுங்க சார், நான் டைப்பிஸ்டுங்க. ஆயா வேலைக்குச் சேரலைங்க."

"ஆயா இல்லீங்க. லையசான் ஆபீசர்."

ஆபீசர் என்ற சொல்லைக் கேட்டதும் கோபம் பாதியாகக் குறைந்தது. மீதியை மனதில் வைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

2. உட்காரத் தெரியாத அம்மா

அந்த அம்மாவின் பெயர் இரேன். அறுபதைத் தாண்டிய வயது. ஒட்ட வெட்டிய நரைமுடி, ஆம்பிளை ஸ்வெட்டர், காதோரம் பென்சில். பிரான்சில் அவருக்கு நல்ல பெயர் என்று மேனேஜர் சொன்னார். கம்போசர் என்றால் எனக்குத் தெரிந்தது சினிமா மியூசிக் டைரக்டர்தான். ஆர்மோனியத்தின் முன்னால் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். இந்த அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

வந்த அன்றைக்கே ஹாலில் இருந்த சோபா, மான் தலை, கண்ணாடி அலமாரி எல்லாவற்றையும் வெளியேற்றச் சொன்னார். பங்களாவில் ஒரு பழைய பியானோ கிடந்தது. அதை மட்டும் விட்டுவைத்தார். சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் பெரிய பெரிய காகிதங்களைத் தொங்கவிட்டார். ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகக் கோடுகள் அச்சடித்திருந்தன. அந்தக் கோடுகளில் பென்சிலால் புள்ளி வைப்பார், அழிப்பார், மறுபடியும் வைப்பார். ஒரு காகிதத்திலிருந்து அடுத்ததற்கு நடப்பார். நடுவில் பியானோவில் ஒரு கட்டையை ஒரே ஒருமுறை தட்டிவிட்டு மறுபடியும் நடப்பார். பார்க்கிற எனக்கே கால் வலிக்கும். டீ எஸ்டேட்டில் தங்கிக்கொண்டு காபிதான் குடிப்பார். அதற்கு மட்டும் நான் அவரை மன்னிக்கவே இல்லை.

எங்கள் இருவருக்குமே இங்கிலீஷ் சொந்த பாஷை இல்லை. அதனால் சண்டை குறைவு. வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டோம். பேசப் பேசக் கதை வந்தது. கடலோர ஊர் ஒன்றில் பிறந்தவர். அப்பா மீன்பிடிப் படகுகளின் இஞ்சினை ரிப்பேர் செய்கிறவர். அம்மா சர்ச்சில் பாடுகிறவர். பாரிசில் சங்கீதக் கல்லூரியில் படித்தார். அப்புறம் ரொம்ப வருடம் ஒரு ஸ்டுடியோவில் வேலை. ஒலிநாடாவை பிளேடால் வெட்டி, வேறொரு துண்டோடு ஒட்டிப் புதுச் சத்தம் உண்டாக்குவதுதான் அங்கே உத்தியோகம். அவர் எழுதிய முதல் பெரிய உருப்படியை வாசித்தபோது பாதி சபை எழுந்து போய்விட்டதாம். மீதிப் பேர் போனவர்களோடு சண்டைக்குப் போனார்களாம்.

"உங்களுக்கு அழுகை வரலையா?" என்று கேட்டேன்.

"எதற்கு? யாருமே தூங்கவில்லையே," என்றார்.

அந்த அம்மாளை அன்றிலிருந்து எனக்குப் பிடித்துப்போனது. ஆனாலும் ஒரு விஷயத்தில் மட்டும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவரிடம் காப்பி கிடையாது. கார்பன் வைக்காமல் ஒரு லீவ் லெட்டர்கூட அடிக்காதவள் நான். இவரோ மாசக்கணக்கில் எழுதியதை ஒரே பிரதியாகக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். குன்னூரில் ஜெராக்ஸ் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். முடியாத வேலையைக் காப்பி எடுக்கக் கூடாதாம், எடுத்தால் அது முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுமாம். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தமிழில் சொன்னேன். அர்த்தம் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

சாயங்காலங்களில் எஸ்டேட் ரோட்டில் நடக்கப் போவார். கையில் ஒரு ஸ்டாப் வாட்ச், மடித்த காகிதம். திடீரென்று நின்று வாட்சை அழுத்துவார், எதையோ குறித்துக்கொள்வார், மறுபடியும் நடப்பார். கொழுந்து பறிக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர் மரியாதையாகத் தலையாட்டுவார். அவர்கள் ஆட்டமாட்டார்கள். என்ன இவ்வளவு விறைப்பு என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. அவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

3. இடது பக்கம் நடக்க வேண்டும்

அவரோடு நடக்கும்போது நான் எந்தப் பக்கம் வந்தாலும் சுற்றி வந்து என்னைத் தன் இடது பக்கம் ஆக்கிக்கொள்வார். பிரான்ஸ் வழக்கமாக்கும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் மழையில் குடைக்குள் நின்றபோது அவராகவே சொன்னார்.

"என் வலது காது போய்விட்டது. அதில் ஒரு விசில் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்கிறது. இடது காதிலும் அது ஆரம்பித்துவிட்டது. டாக்டர் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். இந்த வேலையை ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதுகிறேன். மேடையில் வாசிப்பதை ஒரே ஒருமுறை கேட்டுவிட வேண்டும். அதற்குள் முடிக்க வேண்டும். அவர்களுக்கு இது தெரியாது. சொல்லிவிடாதே."

யாரிடம் சொல்வேன், மேனேஜரிடமா? ஆனால் அதைக் கேட்ட பிறகு அவர் நடப்பதைப் பார்க்கிறபோதெல்லாம் நானும் காகிதங்களை எண்ண ஆரம்பித்தேன். ஒரு காகிதம் நிரம்பினால் நிம்மதி, அவர் அழித்துவிட்டால் கவலை. ராத்திரி குவார்ட்டர்ஸில் படுத்தால் என் காதில் விசில் கேட்கிறதா என்று நானே சோதித்துப் பார்ப்பேன்.

அவருக்கு எதிரியாக வந்தது எங்கள் பேக்டரி சங்கு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஒருமுறை, மத்தியானம் கொழுந்து நிறுக்க ஒருமுறை, சாயங்காலம் வேலை விட ஒருமுறை ஊதும். மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். அந்தச் சத்தம் காதில் பட்டால் விசில் பல மடங்காகிவிடும் என்றார். அப்புறம் வெகுநேரத்துக்கு எது வெளியே கேட்பது, எது தலைக்குள் கேட்பது என்று பிரிக்க முடியாதாம். காதில் அடைப்பான் வைத்துப் பார்த்தார். சரிப்படவில்லை. மத்தியானச் சங்கு ஊதினால் அன்றைய எழுத்து அவ்வளவுதான்.

ஒருநாள் சாயங்காலம் மேனேஜர் நலம் விசாரிக்க பங்களாவுக்கு வந்தார். அப்போது நான் அங்கே இல்லை, குன்னூருக்கு ஃபேக்ஸ் அனுப்பப் போயிருந்தேன். இருந்திருந்தால் நடுவில் புகுந்து ஏதாவது சொல்லியிருப்பேன்.

4. ஐந்து கம்பி வேலி

மறுநாள் காலையில் சங்கு ஊதவில்லை.

நான் குவார்ட்டர்ஸில் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை. வெளியே வந்தால் அக்கம்பக்கத்து ஸ்டாஃப் எல்லாம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

அன்றைக்கு பேக்டரி ஓடாத நாள். அதனால் சிம்னியில் புகை இல்லை. மேனேஜருக்குக் கோயமுத்தூரில் மீட்டிங், விடியும் முன்னே ஜீப்பில் கிளம்பிவிட்டார். இரண்டு நாள் வேலை என்பதால் பெட்டியும் எடுத்துப் போயிருக்கிறார். இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக நடந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். சங்கு இல்லை, புகை இல்லை, மேனேஜர் துரையின் ஜீப் இல்லை என்று மூன்றும் ஒரே காலையில் சேர்ந்தால் எஸ்டேட் ஜனம் என்ன நினைக்கும்? பக்கத்து எஸ்டேட் மூடியதும் அப்படித்தான் தெரியவந்தது. ஒருநாள் காலையில் அங்கே சங்கு ஊதவில்லை, அவ்வளவுதான்.

நான் பங்களாவுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்து பெண்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு, முதுகில் வெறுங்கூடை. முன்னால் வந்தவள் செல்லாயி. அவள் சிலோனில் இருந்து அனுப்பப்பட்டு வந்த குடும்பம். எஸ்டேட்டில் யாருக்கு என்ன வழக்கு என்றாலும் செல்லாயி போய் நின்றால்தான் அது வழக்கு.

"டைப்பிஸ்டம்மா, தொர எங்க?"

"மீட்டிங் போயிருக்காருங்க, வந்துருவாருங்க."

"பெட்டியோட போனத எங்க லயத்துப் புள்ளைக பாத்துச்சுக. பெட்டி எதுக்கு மீட்டிங்குக்கு? தோட்டத்த வித்தாச்சு. வாங்கினவ உள்ளதான் இருக்கா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு உள்ள இருக்கறது?"

"அந்த வெள்ளக்காரம்மாதான். நாளும் பொழுதும் ரோட்ட அளக்குறா. கையில மிஷினு. சொவத்துக்குச் சொவரு பிளான் போட்டு வெச்சிருக்கா. ஓட்டல் கட்டப் போறாளாம்ல? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லணுமா வேணாமா?"

அப்போதுதான் எனக்கு ஸ்டாப் வாட்ச் ஞாபகம் வந்தது, தலையாட்டாத முகங்களும் ஞாபகம் வந்தன. அந்த வருடங்களில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு ரிசார்ட் கட்டுகிற கதை மலை முழுக்கப் பேசப்பட்டது. அவர்கள் நினைத்ததில் தப்பே சொல்ல முடியாது.

நான் பதில் சொல்வதற்குள் ஹால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். இரேன் அம்மா காதில் அடைப்பானோடு கதவுக்கு முதுகைக் காட்டி எழுதிக்கொண்டிருந்தார். இத்தனை பேர் வந்தது அவருக்குத் தெரியவில்லை. செல்லாயி கயிற்றில் இருந்து ஒரு காகிதத்தைச் சட்டென்று உருவினாள். கிளிப் தெறித்துப் போய் பியானோ மேல் விழுந்தது. அவர் திரும்பினார்.

அவர் போட்ட சத்தம் பிரெஞ்சில் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. புரிந்ததால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு காகிதம். கொழுந்துக் கறை ஏறிய கைகள். யாராவது ஒருத்தி கோபத்தில் இழுத்தால் போதும், ஒரே பிரதி. காப்பி இல்லை.

"கிழிச்சுப் போடாதீங்க! அது பிளான் இல்லீங்க, பாட்டு!" என்று கத்தினேன்.

"பாட்டா? எழுத்தே இல்ல, என்னா பாட்டு?" செல்லாயி காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "அஞ்சு கம்பி வேலி. இந்தா, வரிசையாப் போகுது. உள்ள புள்ளி புள்ளியா இருக்கறது செடி. குறுக்க கோடு போட்டது நம்பரு பிரிச்சது. எங்களுக்குக் கண்ணு இல்லையா?"

எஸ்டேட்டில் ஒவ்வொரு தேயிலைக் காட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. நம்பர் பிரிப்பது என்றால் காட்டைப் பங்கு போடுவது. அவள் சொன்ன பிறகு பார்த்தால் எனக்கே அது வேலி மாதிரித்தான் தெரிந்தது.

இரேன் அம்மா அடைப்பானைக் கழற்றிவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். "அவள் எந்த இடத்தை வேண்டுமானாலும் காட்டட்டும், நான் பாடுகிறேன்," என்றார்.

செல்லாயி யோசித்தாள். பிறகு காகிதத்தின் நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். இரேன் அம்மா குனிந்து பார்த்துவிட்டுப் பாடினார். மேலே ஏறி அங்கேயே அறுந்து நின்ற ஒரு சத்தம். அழகாக எல்லாம் இல்லை. பின்னால் நின்ற பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செல்லாயி சிரிக்கவில்லை. அடுத்த மூலையில் விரல் வைத்தாள். வேறு மாதிரி முனகல். பக்கத்தில் நின்றவள் கையில் இருந்த காகிதத்தில் விரல் வைத்தாள். வாயாலேயே டக் டக் என்று தாளம். அப்புறம் செல்லாயி எதுவும் தெரியாதவள் போல முதல் காகிதத்தை எடுத்து, முதலில் தொட்ட அதே இடத்தில் மறுபடியும் விரலை வைத்தாள்.

மேலே ஏறி அறுந்து நின்ற அதே சத்தம் வந்தது.

செல்லாயி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "பாட்டுதான். ஆனா இதுக்கா இவ்வளவு தூரம் வந்தா?" என்றாள். மற்றவர்களும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். நான் வாங்கி அடுக்கினேன். விளிம்புகளில் எல்லாம் கறுப்பு விரல் தடம்.

"அப்ப சங்கு ஏன் ஊதல?" என்றாள் செல்லாயி.

அதை இரேன் அம்மாவுக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. நேற்று மேனேஜரிடம், சங்கு ஊதாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னாராம். முயற்சி செய்து பார்க்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டுப் போனாராம். வந்த விருந்தாளி போய்விடக் கூடாதே என்று மனுஷன் உடனே இஞ்சின் ரூமுக்கு உத்தரவு போட்டுவிட்டார். மேஸ்திரிகளிடம் சொல்லவில்லை. ஆபீசிலும் சொல்லவில்லை. எல்லோர் கையிலும்தான் வாட்ச் இருக்கிறதே என்று நினைத்தாராம், பின்னால் என்னிடம் சொன்னார்.

இதை மாற்றி, மழுப்பி ஏதாவது சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். எனக்கு அதெல்லாம் வராது. உள்ளதைச் சொன்னேன். காது சமாச்சாரத்தையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதுதான், ஆனால் வேறு வழி தெரியவில்லை.

செல்லாயி இரேன் அம்மாவைப் பார்த்தே பேசினாள், தமிழில்தான்.

"எங்க நாத்தனா பக்கத்துத் தோட்டத்துல இருக்கா. சங்கு ஊதாத அன்னிக்கு ஒலையில அரிசி போட்டுட்டு, இப்ப ஊதும் இப்ப ஊதும்னு குந்தியிருந்தாளாம். சோறு கொழஞ்சே போச்சு. இன்னமும் ஊதல. நாங்க சிலோன்ல இருந்து ஒருக்கா பெட்டி கட்டியாச்சு. இன்னொருக்கா கட்ட எங்களுக்குத் தெம்பு இல்ல. காது வலின்னா சொல்லியிருக்கலாம். ஊதாம மட்டும் இருக்கக் கூடாது."

ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். இரேன் அம்மா அடைப்பான்களை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

5. இஞ்சின் ரூம்

பேக்டரி வரை எல்லோரும் இறங்கினோம். இஞ்சின் ரூமில் சங்கு ஊதுகிற அந்தோணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டான்.

"சங்க ஊது அந்தோணி," என்றேன்.

"துரை ஊதக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க. அவர் ஆர்டர் இல்லாம எப்படிங்க?"

"நான் சொல்றேன்."

"நீங்க டைப்பிஸ்ட்டுங்க."

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆட்குறைப்புப் பட்டியலில் முதல் பெயராக என்னுடையதைப் போட்டுக்கொள்ள மேனேஜருக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது என்றும் தெரிந்தது. ஆனால் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் வேறு எதையும் யோசிக்க விடவில்லை.

"லையசான் ஆபீசர். துரையே போட்ட பதவி. ஊதறயா, நான் உள்ள வந்து ஊதட்டுமா?"

அந்தோணி என்னைப் பார்த்தான், செல்லாயியைப் பார்த்தான். சுவிட்சில் கை வைத்தான்.

நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். இரேன் அம்மா பொத்திக்கொள்ளவில்லை. கையைக் கீழே தொங்கவிட்டு நின்றார். கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது, வலியால்தான். எதிர்மலையில் லைன் வாசல்களில் நின்றிருந்தவர்கள் நகர ஆரம்பித்ததை அங்கிருந்தே பார்க்க முடிந்தது. யாரோ கூடையை மாட்டினார்கள். யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வேலை நேரத்தில் குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவை நோக்கி நடந்தார்கள். அவ்வளவு நேரம் அசையாமல் நின்ற மலை பூராவும் அசைந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கு நின்ற பிறகும் நகரவில்லை.

மேனேஜர் திரும்பி வந்து குதித்தார். "யாரைக் கேட்டு ஊதச் சொன்னீங்க?" என்றார். "யாரைக் கேட்டு நிறுத்துனீங்கன்னு அவங்க கேட்டாங்க சார், பதில் சொல்ல ஆள் இல்லீங்க, அதான்," என்றேன். அப்புறம் அவரே தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். ஏற்கெனவே சொன்னேன், கெட்டவர் இல்லை.

இரேன் அம்மா அதுவரை எழுதியதில் பாதியைக் கிழித்துப் போட்டார். பிறகு மூன்று வேளைச் சங்கையும் கேட்டுக்கொண்டே எழுதினார். சாப்பிடக் கூப்பிட்டால் கையை ஆட்டி விரட்டுவார். ஒரு காகிதத்தில் பெரிய இடத்தை ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தார். மறந்துவிட்டாரோ என்று கேட்டேன். இல்லை, அதுதான் ரொம்ப கஷ்டமாக வந்த இடம் என்றார். மழை விட்டதும் தேயிலை அனுப்பும் பிளைவுட் பெட்டியில் காகிதங்களை வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வரை போகலாம் என்று செல்லாயியைக் கூப்பிட்டேன். நிறுவை நேரம், வர முடியாது என்று சொல்லிவிட்டாள்.

6. எப்படி இருக்கிறது?

விலை எழும்பவில்லை. பேக்டரி அப்படியும் இப்படியுமாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. என் டைப்ரைட்டருக்கு உறை போட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் பிரான்சில் இருந்து ஒரு பார்சல். உள்ளே ஒரு சிடி, ஒரு கடிதம்.

ஆர்கெஸ்ட்ரா ஒத்திகைக்கு முன்பே இடது காதும் போய்விட்டது என்று எழுதியிருந்தார். மேடையில் வாசித்த அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து வயலின் வில்கள் மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். படித்தபோது என் கண் நிறைந்துவிட்டது. அந்த ஒருமுறைக்காகத்தானே அந்த ஓட்டம் ஓடினார்!

கடிதத்தின் மீதி இது: "எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள். என் தொழிலில் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வார்கள். அதனால் உன்னைக் கேட்கிறேன். என்னைப் பரீட்சை வைத்த அந்தப் பெண்ணையும் கூட்டி வைத்துக்கொள். கேட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுது."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்லாயியை ஆபீசுக்கு வரச்சொன்னேன். மேனேஜரும் வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டோம். ஆரம்பமே எங்கேயோ இரும்பை இழுப்பது மாதிரி இருந்தது. மேனேஜர் தலையை ஆட்டி ரசித்தார், எதற்கு என்று அவருக்கே தெரியாது. செல்லாயி ஒரு கொட்டாவி விட்டாள். புடவைத் தலைப்பில் முடிந்திருந்த வெற்றிலையை எடுத்தாள், ஆபீஸ் என்பதால் திரும்ப முடிந்துகொண்டாள். வாத்தியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. இதோ எதுவோ வரப்போகிறது, வரப்போகிறது என்று தோன்றியது. அந்த இடத்தில் எல்லாம் நின்றது.

சிடி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் நம்பர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் வரவில்லை. அப்போதும் வரவில்லை.

செல்லாயி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடியில் கையை வைத்து, கீழே பேக்டரி சிம்னியைப் பார்த்தாள். ரொம்ப மெதுவாக ஒரே ஒரு வாத்தியம் மறுபடியும் ஆரம்பித்தது. அப்புறம்தான் அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"என்னாச்சுங்க செல்லாயி?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல தொர. சும்மா பாத்தேன்," என்றாள்.

அன்று சாயங்காலமே பதில் அடித்தேன், டைப்ரைட்டரில், உறையைக் கழற்றிவிட்டு. எக்ஸலெண்ட் என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார் மேனேஜர். சேர்க்கவில்லை. ஆரம்பம் எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினேன். செல்லாயி கொட்டாவி விட்டதை எழுதினேன். சத்தம் நின்ற இடத்தில் அவள் எழுந்து போய் ஜன்னல் வழியாக பேக்டரியைப் பார்த்ததையும், சத்தம் வந்த பிறகே உட்கார்ந்ததையும் எழுதினேன். எப்படி இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை, நடந்தது இது என்று முடித்தேன். வழக்கம்போல கார்பன் காப்பியும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இப்போது ஆபீஸ்களில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். ஒருவர் தன் வேலையைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அதைப் பார்த்தபோது உங்களுக்கு என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்கள். இரேன் அம்மாவிடம் இருந்து வந்த பதிலில் நன்றிகூட இல்லை. அஞ்சலட்டையின் நடுவில் பென்சிலால் ஒரே ஒரு வரி.

"அவள் எழுந்தாளா? அப்படியானால் நான் கேட்டுவிட்டேன்."